வெள்ளி ஆந்தையின் உப்பு வட்டம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், யார்க்‌ஷயரில் தேவியை வணங்கி மந்திரச் சடங்கு செய்யும் எங்கள் விக்கா சபை போட்ட வட்டம் பதினைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட உடைந்ததில்லை. அறிவிப்பவர் எங்கள் தலைமைப் பூசாரிணி வெள்ளி ஆந்தை அம்மையார். நகராட்சியில், கண்ட இடத்தில் வண்டி நிறுத்தியதற்கு அபராதம் போடும் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற முரியல் ஆக்ராய்டும் அவரேதான். அங்கேயும் யாருக்கும் விதிவிலக்கு கொடுத்ததில்லை.

அன்று சாம்ஹெய்ன். செத்தவர்களுக்கும் நமக்கும் நடுவிலுள்ள திரை மெலிந்துபோகும் நாள். ஊர் மண்டபம் எங்களுக்கு மூன்றிலிருந்து ஐந்துவரை. அதற்குமேல் பூப்பந்துக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

எங்களில் ஒருத்தியான நோரீனுக்காகத்தான் கூடியிருந்தோம். அவள் கணவன் கெல்வினுக்கு மறுநாள் காலை இதய அறுவை சிகிச்சை. காலையிலிருந்து ஒரு டீக்கு மேல் அவள் வயிற்றில் எதுவும் இறங்கவில்லை.

முரியல் தரையில் உப்பால் வட்டம் இழுத்து, சடங்குக் கத்தியை நீட்டியபடி வலமாகச் சுற்றி வந்தார். திசைக்கொருவராக நாலு பேர் மெழுகுவர்த்தி ஏற்றிக் காவல் தெய்வங்களை அழைத்தோம். என் திசை வடக்கு. கோட்டுகளும் போன்களும் வட்டத்துக்கு வெளியே நாற்காலிகளில் கிடந்தன.

"கண்ணை மூடுங்க. கெல்வின் நெஞ்சை மட்டும் நினைங்க," என்றார் முரியல்.

மண்டபம் ஐஸ் பெட்டிபோல் இருந்தது. சற்று நேரத்தில் முதுகில் இதமாகச் சூடு பரவியது.

"தேவி மூச்சு விடறா. தெரியுதா?"

"தெரியுதும்மா," என்றாள் நோரீன்.

அப்போது போன் அடித்தது. நோரீனின் கோட்டுக்குள்ளிருந்து. மூன்றே எட்டுத் தூரம்.

"ஆஸ்பத்திரி. அவங்களுக்குத்தான் அந்த மணி வச்சிருக்கேன்." காலைத் தூக்கிவிட்டாள்.

"நில்லு," என்றார் முரியல். "வட்டத்துல கத்தியால கதவு வெட்டாம யாரும் தாண்டக் கூடாது."

"அப்ப வெட்டுங்கம்மா."

"எழுப்பின சக்தியை முதல்ல மண்ணுல இறக்கணும். இறக்காம திறந்தா, யாருக்காக எழுப்பினோமோ அவங்க மேலயே திரும்பும். கெல்வின் மேல. அப்புறம் உன் இஷ்டம்."

நோரீனின் கால் அந்தரத்தில் நின்று, மெதுவாக உள்பக்கமே இறங்கியது.

தெற்குத் திசை ஐவர் முனகினான்: "போன மாசம் நான் ஒண்ணுக்குப் போக உடனே வெட்டிக் குடுத்தீங்களே, முரியல்."

"அப்ப சக்தி எழும்பலை, ஐவர். உன் மூத்திரப்பைதான் எழும்பியிருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மணி நின்றது. மறுபடி அடித்தது. மெழுகுவர்த்திச் சுடர்கள் எல்லாம் வடக்கே, என் பக்கம் சாய்ந்தன. நோரீன் என்னைப் பார்த்தாள். நான் என் காலணியைப் பார்த்தேன்.

முரியல் உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி நிதானமாகச் சக்தியை இறக்கினார். பிறகு கிழக்குக்கு நன்றி, தெற்குக்கு நன்றி, ஒரு வார்த்தை குறையாமல். போன் நான்காவது முறை அடித்து ஓய்ந்தபோது மேற்கில் இருந்தார். வடக்குக்கு நான் வாய்க்கு வந்ததை அவசரமாகச் சொல்லி முடித்தேன். படையலுக்குக் கேக் வெட்டியபோது கத்தியில் ஒட்டியிருந்த துணுக்கைத் துடைத்துவிட்டு அவர் காற்றில் ஒரு கதவு வெட்டினார்.

நோரீன் வெளியே போய் ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"திடீர்னு மோசமாயிடுச்சாம். இன்னைக்கே உள்ள கொண்டுபோயிட்டாங்க. மயக்க மருந்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் என்கிட்ட பேசணும்னாராம்."

"வட்டம் நின்னுச்சு நோரீன்," என்றார் முரியல். "உடைஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும், யோசிச்சுப் பாரு."

கெல்வினுக்கு மயக்கம் தெளியவே இல்லை.

அடக்கத்தன்று நோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் தாண்டலை, பாத்தீங்கல்ல? என்னால எதுவும் ஆகலை, இல்ல?"

"இல்லை," என்றேன்.

சாம்ஹெய்ன் அன்று வட்டத்துக்குள் எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மண்டபக் காவலாளி கிளெக் கம்பளிச் செருப்போடு உப்பை மிதித்துக் குறுக்கே போய், ஹீட்டரைப் போட்டுவிட்டு, அதே வழியாகத் திரும்பிப் போனார்.