சட்டைப் பையில் வந்த சீப்பு

என் வீட்டுக்காரருக்கு நாணயம் என்றால் உயிர். நாணயமாக இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எதற்கும் ஒரு அளவு வேண்டாமா? அந்த அளவு தெரியாமல் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்களுடையது சலவைக் கடை. முன்னால் துணி வாங்குகிற மேஜை, நடுவில் நான் இஸ்திரி போடுகிற அறை, பின்னால் இரண்டு பெரிய மெஷினும் சிமெண்ட் தொட்டியும். வெளிநாட்டுப் பட்டாளம் வந்து, மூடிக் கிடந்த நூல் மில்லில் முகாம் போட்டதிலிருந்து அவர்கள் சீருடையெல்லாம் எங்களிடம்தான் வந்தது. அதனால் தெருவில் பாதிப் பேர் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேர் குத்திக் காட்டுவதற்காகவே பேசினார்கள். "அவங்க அழுக்கையெல்லாம் உங்க கையாலதான் கழுவுறீங்களாக்கும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "ஆமா, சோப்பு மிச்சம் இருக்கு, வாயைக் காட்டு" என்றேன். அதோடு அவளும் பேசுவதில்லை.

முகாமுக்கும் கடைக்கும் வேன் ஓட்டியது என் கொழுந்தன். என் கணவருக்கு ஒரே தம்பி, வீட்டுக்குச் செல்லப் பிள்ளை, தன்னை மாதிரி அழகன் கிடையாது என்று நினைப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புச் சீப்பு இருக்கும். ஓரத்தில் பல் உடைந்தது. வேன் கண்ணாடி, கடைக் கண்ணாடி, ஏன், என் இஸ்திரிப் பெட்டியின் பளபளப்பில்கூடத் தலையைச் சாய்த்துப் பார்த்துச் சீவிக்கொள்வான். "உன்னைக் கட்டிக்கப் போறவ இந்தச் சீப்புக்குச் சக்களத்தியாத்தான் வரணும்" என்பேன். "பொறாமை, அண்ணி" என்பான்.

சிப்பாய்களில் ஒருவனை நாங்கள் நெட்டையன் என்று கூப்பிட்டோம். கடைக்குள் வரும்போது நிலைப்படியில் இடித்துக்கொண்டு, பிறகு குனியப் பழகியவன். மற்றவர்கள் துணியை மூட்டையில் போட்டு அனுப்பினால் இவன் தன் துணியைக் கையிலேயே கொண்டுவருவான். அவன் பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்கள் பாஷையில் அவனுக்கு "டீ" ஒன்றுதான் தெரியும். ஆனாலும் அவனும் என் கொழுந்தனும் மேஜையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சீட்டாடுவார்கள். இரண்டு பேரும் கூசாமல் ஏமாற்றுவார்கள். ஒருமுறை இஸ்திரிப் பெட்டி பட்டு என் கை வெந்தபோது, மறுநாளே ஒரு களிம்பு டியூபைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனான். பட்டாளம் என்றால் எனக்கு ஆகாது. நெட்டையன் என்றால் ஆகும். அது எப்படி என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

இனி இவர் கடையில் போட்ட விதியைச் சொல்கிறேன். வேறொரு சிப்பாய், சட்டைப் பையில் வைத்த மோதிரத்தைக் காணவில்லை என்று புகார் கொடுத்தான். துப்பாக்கியோடு வந்து கடையைத் தலைகீழாகப் புரட்டினார்கள். வெளுத்து வைத்த துணியையெல்லாம் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். கடைசியில் மோதிரம் அவன் கட்டிலுக்கடியிலேயே கிடைத்ததாம். தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தரும் வரவில்லை. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் அந்த முடிவுக்கு வந்தார். துணியை ஊறப்போடும் முன் சட்டைப் பையில் கையை விடுவார், இருப்பதை ஒரு சின்னத் துணிப்பையில் போடுவார், வாயை இரட்டை முடிச்சாகக் கட்டுவார். துணி வெளுத்தபின் அதைச் சட்டையோடு ஊக்குப் போட்டுத் திருப்பி அனுப்புவார். இத்தனையும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"கை மட்டும் போகணும், கண்ணு போகக் கூடாது" என்றார். "பார்த்தாத்தானே ஆசை வரும், பார்த்தாத்தானே அடுத்தவன் சந்தேகப்படுவான்."

"ரொம்ப நல்லது. கைக்குத் தேள் வந்தா?" என்று கேட்டேன். அடுத்த சட்டைப் பையில் கையை விட்டார்.

பிறகு சந்தை முக்கில் குண்டு வெடித்தது. பட்டாளத்து வண்டிக்கு வைத்தது. வண்டியில் இருந்தவர்களும் செத்தார்கள், காய்கறி வாங்க வந்தவர்களும் செத்தார்கள். துணியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் வேன் கண்ணாடியெல்லாம் நொறுங்கி ரோட்டோரம் நின்றது. கொழுந்தனைக் காணவில்லை. ஆஸ்பத்திரியில் இல்லை. பிணவறையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம், அங்கேயும் இல்லை. முகாம் வாசலில் கேட்டால் "இங்கே அப்படி யாரும் இல்லை" என்ற ஒரே பேச்சு. சிப்பாய்கள் ஊருக்குள் வரக் கூடாது என்று உத்தரவாகி நெட்டையனும் வருவதை நிறுத்திவிட்டான். பட்டாளத்து லாரி வந்து அழுக்கு மூட்டையைத் தள்ளிவிட்டு, வெளுத்ததை எடுத்துக்கொண்டு போகும். லாரிக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? குண்டு வைத்ததே அவன்தான் என்று சிலர். இல்லை, துப்பு சொல்லிவிட்டு அவர்களோடு கப்பல் ஏறிவிட்டான் என்று சிலர். என் மாமியார் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடவே விடவில்லை. "வந்து தட்டினா என் காதுல விழாதே" என்பார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் துணியைத் தொட மாட்டேன் என்று இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"நிறுத்தாதே" என்றார் இவர். "உள்ளே போயிட்டு வர்றது இப்ப நம்ம துணி மட்டும்தான். அதையும் விட்டுட்டா நமக்கு என்ன வழி?"

அடுத்த மாதம் இவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டதால் மூட்டையைப் பிரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையும் செய்யத் தெரியாது. கண் இருப்பது எதற்கு? கை நீளத்தைப் பார்த்ததுமே நெட்டையன் சட்டை என்று தெரிந்துவிட்டது. பையில் கட்டுத்துணி சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தேன். சிவப்புச் சீப்பு. ஓரத்தில் பல் இல்லை.

எப்படிப் படுக்கை அறைக்குப் போனேன் என்று தெரியாது. அவர் முன்னால் நீட்டினேன். கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது போன வாரமும் வந்துச்சு" என்றார். "அதுக்கு முன்னாடியும் வந்துச்சு. யாரோ சிப்பாய் சீப்புன்னு கட்டி அனுப்பிட்டேன்."

"பார்க்கவே இல்லையா?"

"பார்க்கலையேடி... பார்க்கலையே..." என்று தலையில் அடித்துக்கொண்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது.

காய்ச்சலோடேயே கிளம்பினார். முகாம் வாசலில் எங்களை ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரி, பக்கத்தில் எங்கள் ஊர்க்காரனான மொழிபெயர்ப்பாளன். சொன்னதைத் திருப்பிச் சொல்வதால் ஊரில் அவனுக்குக் கிளி என்று பெயர்.

"அப்படி யாரும் இங்கே இல்லைங்கிறார்" என்றது கிளி.

நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன், சீப்பை வெளியே எடுக்காதீங்க, நெட்டையன் மாட்டிக்குவான் என்று. கேட்டால்தானே? இவர் சீப்பை எடுத்து மேஜையில் வைத்தார். "இது என் தம்பியோடது. உங்க சட்டைப் பையில இருந்து வந்துச்சு."

அதிகாரி சீப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ கேட்டார். கிளியின் குரல் இறங்கியது. "எந்தச் சட்டைன்னு கேட்கிறார். காயம்பட்டவங்களைப் பத்தி விசாரணை முடியறவரைக்கும் வெளியே மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு. மீறினவன் யாருன்னு சொன்னா, உங்க தம்பியைப் பார்க்க விடுறாராம்."

அவன் உயிரோடு இருக்கிறான். அதுதான் முதலில் என் காதில் விழுந்தது. மற்றது அப்புறம்தான் உறைத்தது.

"தரையில கிடந்துச்சுன்னு சொல்லுங்க" என்று இவர் தொடையைக் கிள்ளினேன். சட்டைக் காலருக்குள் நூலால் போட்ட எண் ஒவ்வொன்றும் யாருடையது என்று இவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். வாடிக்கைக்காரன் விஷயத்தைக் கழுத்தை அறுத்தாலும் வெளியே சொல்லாத மனுஷன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார். "அம்மா கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு எண்ணைச் சொன்னார்.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாராவது சொல்லட்டும், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அதிகாரி வாசலைப் பார்த்து ஏதோ சொன்னார். இரண்டு சிப்பாய்கள் எழுந்து படுக்கைக் கொட்டகைப் பக்கம் போனார்கள். எங்களை வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பஞ்சு மூட்டை அடுக்கியிருந்த கிடங்கில் இப்போது வரிசையாகக் கட்டில்கள். கடைசிக் கட்டிலில் இருந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. தலையை மழித்துத் தையல் போட்டிருந்தார்கள். அந்தத் தலையைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை உடைந்துகொண்டு வந்தது.

எங்களைப் பார்த்தவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எதுக்கு வந்தீங்க? அனுப்பினதை அண்ணன் முடிச்சுப் போட்டே திருப்பி அனுப்பிட்டாரே. வேண்டாம்னுதானே அர்த்தம்?"

"அய்யோ, பார்க்கலடா!" என்றேன். "உங்கண்ணனைப் பத்தி உனக்குத் தெரியாதா? மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே கட்டி அனுப்பியிருக்காருடா. இன்னைக்கு என் கையில கிடைச்சதாலதான் வந்தோம்."

பிறகு திரும்பினான். சிரிக்கப் பார்த்தான், உதடு கோணிக்கொண்டு அழுகைதான் வந்தது. இவர் கட்டிலோரம் உட்கார்ந்து அவன் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அண்ணனும் தம்பியும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதார்கள்.

"நெட்டையன்தான் அண்ணி என்னை வண்டிக்கடியில இருந்து இழுத்தான்" என்றான். "எனக்கு ஏத்தின ரத்தமும் அவனோடதுதான். ராத்திரி டூட்டி முடிஞ்சா இங்கே வந்து உட்கார்ந்துக்குவான். ரெண்டாவது தடவையும் திரும்பி வந்ததும், போதும்னு கையைக் காட்டினான். மாட்டினா ஜெயில்தான்னு ரெண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டினான். நான்தான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன், இன்னும் ஒரே ஒரு தடவைன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தான். "இந்நேரத்துக்கு வருவானே. ஆமா, உங்களை எப்படி உள்ளே விட்டாங்க?"

நான் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"யாரையும் விட மாட்டாங்களே. எப்படி அண்ணே விட்டாங்க?"

ஏதாவது ஒரு பொய் சொல்லக் கூடாதா என்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்குத்தான் அது வராதே.

"எந்தச் சட்டைன்னு கேட்டாங்கடா" என்றார். "சொன்னேன்."

கொழுந்தன் மறுபடியும் வாசலைப் பார்த்தான். அண்ணன் கைகளுக்குள் இருந்த தன் கையை மெல்ல உருவிக்கொண்டான்.