நாற்பதில் ஓடும் டீசல்

பதில் சொல்ல எனக்குப் பதினொரு நாள் கொடுத்திருந்தார்கள்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கூடத்தை நகருக்கு வெளியே, நெடுஞ்சாலையில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு புதிய கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். அங்கே பேருந்து நிற்காது. தினமும் வந்துபோக முடியும் என்று எழுதிக் கொடுத்தால் வேலை இருக்கும். முடியாது என்றால் வேறு ஆள் எடுத்துக்கொள்வார்கள். மேலாளர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, மிரட்டலும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் யாரும் ஒரு விஷயத்தை அப்படி நேராகச் சொல்லமாட்டார்கள்.

ஓட்டுநர் உரிமம் என்னிடம் இருந்தது. கார்தான் இல்லை. பணி ஓய்வு பெற்ற அப்பாவுக்கு எனக்கொரு பழைய கார் வாங்கித் தர மனம் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் கார் என்ற பேச்சை யார் எடுத்தாலும் அது அத்தானிடம் போய்த்தான் நிற்கும்.

அத்தான், அக்காவின் கணவர். அடுத்த தெருவில் குடியிருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. அவரிடம் ஒரு டீசல் கார் இருக்கிறது. உயரமானது, அகலமானது, கறுப்பு. ஏறுவதற்குப் படி வைத்தது. அவர் வீட்டிலிருந்து அலுவலகம் நான்கு கிலோமீட்டர். நடுவில் ஏழு சிக்னல். மரம் ஏற்றிய வண்டியைக்கூட இழுத்துக்கொண்டு மலையேறக்கூடிய அந்த எஞ்சின், தினமும் காலையில் அவரையும் அவருடைய சாப்பாட்டுப் பையையும் நான்கு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய் நிழலில் நிறுத்தும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவரும். அதைப் பற்றி மீதிப் பொழுதெல்லாம் பேசுவார்.

பெட்ரோல் கார் ஓட்டுகிறவர்களை அவர் மனிதர்களாகச் சேர்ப்பதில்லை. பெட்ரோல் வண்டி தையல் மெஷின் மாதிரியாம். சத்தம் வரும், துணி நகராதாம். டீசல் என்றால் மிதித்ததும் முதுகு இருக்கையில் ஒட்ட வேண்டுமாம். ஒட்டுவதை எங்கள் வீட்டுக் கூடத்து நாற்காலியில் சாய்ந்து காட்டுவார். வாயாலேயே கியர் மாற்றுவார். நான்காவது கியருக்குப் போகும்போது அப்பாவின் தேநீரில் எச்சில் தெறிக்கும். அப்பா கோப்பையைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வாரே தவிர, கண்ணை நகர்த்தமாட்டார். மருமகனை அவர் வானொலிச் செய்தி மாதிரி கேட்பார்.

எனக்கு எரிச்சலூட்டியது சத்தம் அல்ல, தப்பு. டீசல் எஞ்சின் சூடேற நேரம் பிடிக்கும். அதன் புகையில் வரும் கரி ஒரு வடிகட்டியில் தங்கும். வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்த வடிகட்டி சூடாகி, தங்கிய கரி எரியும். நான்கு கிலோமீட்டரில் எதுவும் எரியாது. அடைத்துக்கொள்ளும். அடைத்தால் முன் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று வரும். அத்தானின் வண்டியில் அது மாதக்கணக்காக வந்து வந்து போகிறது. அவர் அதன் மேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். வண்டி பொய் சொல்கிறதாம்.

எப்போதாவது ஸ்டிக்கருக்கு அடியில் அந்த விளக்கு தானாக அணையும். அது அத்தானும் அக்காவும் வெளியூரில் இருக்கும் அத்தானின் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு. அந்தப் பயணங்களைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசுவார். நூற்றிருபது தொட்டேன், வரிசையாக மூன்று லாரியைத் தாண்டினேன். சொல்லும்போது ஆள் புதுத் துண்டு மாதிரி இருப்பார். அக்காதான் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு உள்ளறையில் போய்ப் படுப்பாள். ஓட்டியவர் இவர், களைத்தது அவள். உட்கார்ந்து போய்வரக்கூடத் தெம்பில்லாதவள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்தப் பயணங்களுக்கு மட்டும் அவள் கயிறு கட்டும் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போவாள். மாமியார் வீட்டுக்குப் போறியா, ஓட்டப் பந்தயத்துக்குப் போறியா என்று அம்மா கேட்பாள். அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

அக்காவும் கல்யாணத்துக்கு முன் உரிமம் எடுத்தவள்தான். அது எந்தப் பெட்டியில் கிடக்கிறதென்று அவளுக்கே தெரியாது என்பார் அப்பா.

எங்கள் தெரு முனையில் இருக்கும் பல் டாக்டர் தன்னுடைய சின்ன பெட்ரோல் காரை விற்பதாகச் சொன்னார். அவரோடு போய் ஓட்டிப் பார்த்தேன். பழைய வண்டி. கதவைச் சாத்தினால் தகர டப்பா மூடுகிற சத்தம். ஆனால் மிதித்தால் உடனே கேட்டது. திருப்பத்தில் சொன்ன இடத்துக்குத் திரும்பியது. காலியான சாலையில் மூன்றாவது கியரில் கொஞ்சம் நீட்டிப் பிடித்தேன். எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. நான் சிரித்தேனாம். டாக்டர்தான் சொன்னார். மேல் வரிசையில் ஒரு பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

அதற்காகப் பெட்ரோலுக்குக் கொடி பிடிக்க நான் தயாராக இல்லை. தினமும் நெடுஞ்சாலையில் எழுபத்தாறு கிலோமீட்டர் ஓட டீசல்தான் பொருத்தம். ஏழு சிக்னலுக்கு நடுவே நான்கு கிலோமீட்டர் ஊர பெட்ரோல் போதும். அதாவது, அத்தானின் வண்டி எனக்கு ஏற்றது, பல் டாக்டரின் வண்டி அத்தானுக்கு ஏற்றது. இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. சொல்லத்தான் துணிச்சல் வேண்டும். எனக்கு அது கிடையாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் வேண்டுமென்று கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அத்தான் பல் டாக்டரின் வண்டியைப் பார்க்க வந்தார். ஓட்டவில்லை. சுற்றி வந்தார். டயரை உதைத்தார். கடைக்குப் போய் வருவதற்கு ஆகும், ஹைவேயில் போனால் லாரிக் காற்றிலேயே பறந்துவிடும் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த தேநீரை ஊதிக்கொண்டே இன்னொரு தீர்ப்பும் சொன்னார்.

“வண்டியை விடுங்க மாமா. ஓட்டப் போறது யாரு? ஹைவேங்கறது வேற. லாரிக்காரன் ஒரு ஹாரன் அடிச்சா இவ ஸ்டியரிங்கை விட்டுட்டுக் காதைப் பொத்திக்குவா.”

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். என் வேலை போகிற திசை அந்தப் பார்வையில் தெரிந்தது. அக்கா துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரங்கள் சரியாகச் சேரும்வரை மடித்தாள். அத்தானைவிட அவள்மேல்தான் அன்று எனக்கு இளக்காரம் அதிகம். அவர் முட்டாள்தனத்தைப் பேசுகிறார், இவள் அதற்கு இஸ்திரி போடுகிறாள்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. சாலையை நேரில் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் வண்டியில் புதிய கட்டடம்வரை எல்லோரும் போய் வரலாம். சாலை எனக்குச் சரிப்படும் என்று பட்டால் கார். இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

அத்தான் உடனே நெற்றியைத் தேய்த்தார். போகலாம், ஆனால் வண்டியில் ஒரு விளக்கு எரிகிறது, அதோடு ஹைவேயில் போவது நல்லதல்ல என்றார். அன்றுவரை பொய் சொல்லிக்கொண்டிருந்த விளக்கு அது.

நான் பேசினேன். ஏன் பேசினேன் என்று தெரியவில்லை. தப்பான ஒன்று காதில் விழுந்தால் அந்த ஒரு சமயம் மட்டும் கூச்சம் பின்னால் போய்விடுகிறது.

“அது ஹைவேல கொஞ்ச நேரம் விடாம ஓட்டினாத்தான் அணையும், அத்தான். உள்ள கரி எரியணும்ல.”

அப்பா தொடையில் தட்டினார். அப்படியானால் ஒரே போக்கில் இரண்டு வேலையும் முடிந்தது என்றார். அத்தான் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் அல்ல. என்னவென்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். அம்மா வரவில்லை. அப்பா முன்னால் ஏறினார். வழக்கமாக அக்கா உட்காரும் இடம். அவள் ஒரு கணம் கதவருகே நின்றுவிட்டு, பின்னால் என்னோடு வந்து உட்கார்ந்தாள். கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள்.

நகருக்குள் அத்தான் ராஜாதான். சிக்னல் மாறுவதற்குள் ஹாரன் அடித்தார். பக்கத்தில் நின்ற பெட்ரோல் காரைப் பார்த்து, பாவம், பொம்மை என்றார். பச்சை விழுந்ததும் மிதித்தார். அப்பாவின் முதுகு இருக்கையில் ஒட்டியது. “பார்த்தீங்களா மாமா?” என்றார். அடுத்த சிக்னலில் அந்தப் பொம்மை எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. அதை யாரும் குறிப்பிடவில்லை.

நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அத்தான் கேட்காமலே உள்ளே திருப்பி, ஓரமாக நிறுத்தினார். டாங்க் நிறைந்திருந்தது. நிறுத்தியதும் அக்கா தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். பிறகு முன்னால் இருந்த அப்பாவின் தலையைப் பார்த்தாள். காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

“என்ன மாப்பிள்ளை?” என்றார் அப்பா.

டயரில் காற்றுப் பார்க்க வேண்டும் என்றார் அத்தான். நான்கு டயரிலும் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. ஸ்டெப்னியையும் பார்க்கச் சொன்னார். அதுவும் நன்றாக இருந்தது. வேறு வழி இல்லாததால் ஏறினார்.

நெடுஞ்சாலையில் நுழைந்ததும் அத்தான் பேச்சை நிறுத்தினார். அவரைத் தெரிந்த நாளிலிருந்து அப்படி நிகழ்ந்ததில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மூக்கு வண்டியின் முன் கண்ணாடியைத் தொடும் அளவுக்கு முன்னால் சாய்ந்தார். வேகமானி நாற்பதைக் காட்டியது. நாற்பதிலேயே நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டியது. இன்னொன்று தாண்டியது. பிளாஸ்டிக் நாற்காலிகளை மலைபோல் கட்டிய மூன்று சக்கர வண்டி ஒன்று எங்களைத் தாண்டியது. பிறகு ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் தாண்டியது. பெட்ரோல். கண்ணாடி வழியே அதிலிருந்த மாணவி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

கொஞ்சம் அழுத்தலாமே என்றார் அப்பா. டீசல் எஞ்சின் சூடேற வேண்டும் என்றார் அத்தான். குரல் மெலிந்திருந்தது. குளிரூட்டி முழு வேகத்தில் ஓடியது. அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. அந்த ஈரம் இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மறைப்பானேன்.

அப்பா முன் பலகையில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “இன்னும் அணையலியே,” என்றார்.

எப்படி அணையும்? எந்த எஞ்சினுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடாத குறையாகப் புகழ் பாடினாரோ, அது அவர் காலடியில் முனகிக்கொண்டு வந்தது. ஓடத்தான் அது செய்யப்பட்டது. அவர் அதை ஓட விடவில்லை.

அப்போது ஒரு டாங்கர் லாரி எங்களை ஒட்டிக் கடந்தது. வண்டி காற்றில் ஒருமுறை அசைந்தது. அத்தான் பிரேக்கை முழுவதும் மிதித்தார். ஸ்டியரிங்கை ஓரத்துக்கு இழுத்தார். நான் முன் இருக்கையில் போய் முட்டினேன். வண்டி மண்ணில் இறங்கி நின்றது. எஞ்சினும் நின்றுவிட்டது. யாருக்கும் அடி இல்லை. அத்தானின் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

அப்பா வெகுநேரம் சாலையைப் பார்த்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு திரும்பி, அத்தானை அல்ல, என்னைப் பார்த்தார்.

“மாப்பிள்ளைக்கே இந்த ரோடு இவ்வளவு கஷ்டமா இருக்கு. இத்தனை வருஷமா ஓட்டினவரு. நீ நேத்து லைசென்ஸ் எடுத்தவ. வேண்டாம்மா. நாளைக்குப் போய் முடியாதுன்னு எழுதிக் குடுத்துரு.”

அந்தக் காருக்குள் நடந்ததைப் பார்த்த ஒரு மனிதர் அதிலிருந்து இந்த முடிவுக்கு வர முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. பயந்தவர் அத்தான். வேலையை விடப்போவது நான்.

அத்தானுக்கு மூச்சு திரும்பியிருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“அதைத்தான் மாமா நான் அன்னிக்கே சொன்னேன்.”

பக்கத்தில் அக்கா குனிவது தெரிந்தது. ஷூவின் கயிற்றை அவிழ்த்து, இறுக்கிக் கட்டினாள். ஒரு கால். பிறகு இன்னொரு கால். கதவைத் திறந்து இறங்கினாள். வண்டியைச் சுற்றி முன்னால் வந்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றாள்.

“நகருங்க,” என்றாள் கணவரிடம்.

அவர் நகரவில்லை. அவளைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல மிக லேசாகத் தலையை அசைத்தார். அவள் அவரைத் தாண்டி அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, இவர் இந்த ரோட்ல ஒரு நாளும் ஓட்டினதில்ல. நாலு வருஷமா அந்த பங்க்ல இடம் மாறி உக்காந்து, நான்தான் ஓட்டிட்டு இருக்கேன்.”