பொட்டலத்தின் முன்கதை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். இது கீழே என் பெயரைப் போட்டு வெளியிட்ட பொய்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள்; கதையும் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நாய்க் காப்பகத்தில் கூண்டு கழுவப் போவேன். பழைய டயர் கிடங்கு அது. உள்ளே முப்பத்தோரு நாய்கள். சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்கூடக் கிடையாது. பதினாலு பேர் முறை வைத்து வருவோம். என் வேலையின் லட்சணத்தைப் பார்த்த பிறகு (நான் கூண்டைக் கழுவினால் என் செருப்புதான் சுத்தமாகும்) விளம்பரம் எழுதுவதை என் தலையில் கட்டிவிட்டார்கள். நாயின் படத்துக்குக் கீழே நாற்பது ஐம்பது சொல். அதைப் போனில் படித்துவிட்டு யாராவது வந்து நாயைத் தத்தெடுத்துப் போக வேண்டும்.

காப்பகத்தை நடத்துகிறவர் மருந்துக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சட்டம்’. ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்கும். வயது, தடுப்பூசி, குணம், முன்கதை. “தெரிஞ்சத எழுதுங்க. தெரியலன்னா கோடு போடுங்க. கதை விடாதீங்க,” என்பது சட்டத்தின் சட்டம்.

பொட்டலத்தின் அட்டையில் முன்கதைக்கு எதிரே ஒரு கோடு இருந்தது. நான் கதை விட்டது அங்கேதான்.

2

முதலில் இதை வேறு மாதிரி தொடங்கினேன்:

‘மழை விடாமல் பெய்த ஒரு மாலையில், அந்த நாயின் கண்களில் ஏதோ ஒரு—’

நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மழையே இல்லை. தவிர, நாயின் கண்களில் கை வைத்த கதை உருப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது முயற்சி: ‘பொட்டலம் யாருக்கும் வேண்டாத நாய்.’

இதுவும் சரியில்லை. எங்கள் பதினாலு பேருக்கும் அது வேண்டும். வீட்டில் இடமில்லை, அவ்வளவுதான்.*

* என் வீட்டில் இடம் இருக்கிறது. மனசுதான்— (இதை இன்னொரு கதையில் பார்த்துக்கொள்ளலாம்.)

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பொட்டலம் பழுப்பு நிறத்தில் ஒரு பெண் நாய். ஏழு வயதிருக்கும். யாரோ ஒரு டிவி வந்த அட்டைப்பெட்டியில் அதை உட்காரவைத்து, பழைய பெட்ஷீட்டால் சுற்றி, எங்கள் கிடங்கு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெயர் அப்படி வந்தது. பதினோரு மாதம் எங்களோடு இருந்தது. தத்தெடுக்க வருகிறவர்கள் குட்டியைத்தான் தேடுவார்கள். பொட்டலம் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கிடங்குக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும்.

ஏன் இப்படி என்று எங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். “கதவுக்கு அடியில காத்து வருது. வேறென்ன?” என்றார்.

காற்று வருகிறது என்று விளம்பரம் எழுதினால் யார் வருவார்கள்?

3

நான் எழுதியது இது. ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை:

‘பொட்டலத்தை வளர்த்தவர் ஒரு பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். உடம்புக்கு முடியாமல் போனதால் மனமில்லாமல் விட்டுச் சென்றார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “கதவையே பாத்துட்டு இருக்கும், திட்டாதீங்க. அது என்னைத் தேடுது.” அந்தக் கதவைத் திறந்துகொண்டு இந்த முறை நீங்கள் வருவீர்களா?’

கடைசி வாக்கியத்தை இப்போது படித்தால் உடம்பு கூசுகிறது. அப்போது கூசவில்லை. மூன்று நாளில் நானூறு பேர் அதைப் பகிர்ந்தார்கள். சட்டம் மட்டும் போனில் கேட்டார்: “இத உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரோ அன்னிக்கு முறையில இருந்தவங்க சொன்னாங்க.”

அத்தோடு விட்டுவிட்டார். பதினாலு பேர் முறை வைத்து வரும் இடத்தில் ஒரு பொய் பிழைத்துக்கொள்வது சுலபம். நம் முறையில் நடக்கவில்லை, அடுத்தவர் முறையில் நடந்திருக்கும் என்று பதிமூன்று பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

4

ஐந்தாம் நாள் லிஃப்ட் மெக்கானிக் வந்தார். ஐம்பது வயது. கல்யாணமாகவில்லை, பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கும் தன் அக்காவோடு இருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். இவர் ரொம்ப நல்லவர். கதையில் இப்படி ஒரு நல்லவர் வந்தால் வாசகர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அதனால் ஒரு வரைவில் இவருக்குக் குடிப்பழக்கம் கொடுத்தேன். இன்னொன்றில் அக்காவின் வீட்டின் மேல் கண் வைக்கச் சொன்னேன். இரண்டும் ஒட்டவில்லை. நான் பார்த்தவரை அவரிடம் இருந்த ஒரே குறை, நாம் சொல்லி முடிப்பதற்குள் “புரியுது, புரியுது” என்று தலையாட்டுவார். புரிந்திருக்காது.

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “முன்கதைன்னு போட்டு கோடு இருக்கே மேடம்?”

“அவ்வளவையும் எழுத அதுல இடம் பத்தல.”

“புரியுது, புரியுது,” என்றார்.

எங்கள் வழக்கப்படி முதலில் பதினைந்து நாள் வைத்துப் பார்க்கக் கொடுப்போம். பிறகு எங்களில் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் நாய் அவர்களுடையது. பொட்டலம் அவர் பின்னால் போயிற்று. வாலாட்டவில்லை, முரண்டும் பிடிக்கவில்லை.

5

பொட்டலம் போன பத்தாம் நாள் மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது.

“மேடம், நல்லாதான் சாப்பிடுது. ஆனா வந்ததுலேர்ந்து வாசக் கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கு. அந்த வாட்ச்மேன் எந்த ஸ்கூலுன்னு சொல்லுங்க. ஒரு நடை கூட்டிட்டுப் போய் காட்டிட்டு வந்துடறேன்.”

“இல்ல, அவருக்கு உடம்பு முடியலன்னுதான்—”

“புரியுது, புரியுது. ஆனா மாசக்கணக்காச்சே, தேறியிருப்பாரு. தேறியிருந்தா அவர்கிட்டயே விட்டுடலாம். அடுத்தவங்க புள்ளைய நாம பிடிச்சு வெச்சுக்கறது பாவமில்லையா?”

“அவர் ஊர் மாறிப் போயிட்டார்னு நினைக்கிறேன்.”

“எந்த ஊரு? லீவு போட்டுடறேன்.”

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

6

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு என்னென்ன வழிகள் உண்டு என்று யோசித்தேன்.

அ) வாட்ச்மேனைக் கொன்றுவிடலாம். இல்லாத ஆளைக் கொன்றால் கொலையாகாது. ‘அவர் போன மாதம் தவறிவிட்டாராம்’ என்று ஒரு வாக்கியம் போதும். ஆனால் மெக்கானிக் துக்கம் கேட்கப் போவார். விலாசம் கேட்பார்.

ஆ) உண்மையைச் சொல்லிவிடலாம். ஏமாற்றிக் கொடுத்த நாய் எனக்கு வேண்டாம் என்று அவர் திருப்பிக் கொடுத்தால் பொட்டலத்துக்கு மறுபடியும் டயர் கிடங்கு. ஏழு வயது எட்டாகும். அப்புறம் யாரும் வர மாட்டார்கள்.

இ) 

இ-யை நிரப்ப ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. ஆ என்று முடிவு செய்தேன். பதினாலாம் நாள், சனிக்கிழமை, வீட்டைப் பார்க்க நானே போகிறேன் என்று சட்டத்திடம் சொன்னேன்.

7

லிஃப்ட் மெக்கானிக்கின் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள். நான்கு மாடி ஏறினேன்.

“கேக்காதீங்க,” என்றார் கதவைத் திறந்த அக்கா, நான் கேட்பதற்கு முன்னால். “ஊர்ல இருக்கற லிஃப்டெல்லாம் ஏறி இறங்குவான். இது கண்ணுக்குத் தெரியாது.”

கூடத்தில் கதவைப் பார்த்தபடி பொட்டலம் மடித்துப் போட்ட கம்பளியில் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள், அவையும் கதவைப் பார்த்து. டிவி அவற்றின் முதுகுக்குப் பின்னால் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பொட்டலம் பார்ப்பதைத் தாங்களும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று திருப்பிப் போட்டார்களாம்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். “அந்த வாட்ச்மேன் விஷயமா ஒண்ணு சொல்லணும்—”

“புரியுது, புரியுது. கிடைச்சுட்டாரு மேடம்!”

மெக்கானிக் தினமும் வேலை முடிந்து ஒரு பள்ளிக்கூடமாக ஏறி இறங்கியிருக்கிறார். நேற்று நான்காவது பள்ளிக்கூடம். “போட்டோவ காட்டினேன். பாத்ததும் அழுதுட்டாரு. இடுப்புல ஆபரேஷனாம், இப்ப பரவாயில்லையாம். நாளைக்கு நாலு மணிக்கு கூட்டிட்டு வரேன்னு வாக்கு குடுத்துட்டேன். நீங்களும் வரணும். நீங்க எழுதலன்னா இது நடந்திருக்குமா?”

நான் கற்பனை செய்த ஆள் கிடைத்துவிட்டார். இடுப்பு ஆபரேஷன் என் விளம்பரத்தில் இல்லை. அட்டையில் கோடு என்றால் தெரியாது என்றுதானே அர்த்தம், இல்லை என்று அர்த்தமில்லையே. நான் தெரியாத்தனமாக உண்மையை எழுதியிருந்தால்? சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். குழாயைத் திறந்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

“நீங்க எழுதறவங்கதானே? அந்த ஆள் இவர் இல்லன்னு ஏதாவது எழுதிக் குடுங்களேன். எழுத்துல இருந்தா இவன் நம்புவான்.”

“உங்களுக்கு நாய் பிடிக்காதுன்னு உங்க தம்பி சொன்னாரே?”

“பிடிக்காதுதான்.” டம்ளர் நிறைந்து வழிந்தது. “நான் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினா வாசல் வரைக்கும் கூடவே வருது. இத்தனை வருசத்துல அப்படி யாரு வந்தாங்க எனக்கு?”

8

ஞாயிறு நாலு மணி. பூட்டிய பள்ளிக்கூடத்தின் பெரிய கேட்டுக்கு உள்ளே ஒரு ஸ்டூலில் வாட்ச்மேன் இருந்தார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. எழுந்து வந்த விதத்தில் ஆபரேஷன் உண்மை என்று தெரிந்தது.

மெக்கானிக்கும் பொட்டலமும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அக்கா வரவில்லை. கம்பளியை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார். பொட்டலம் வாட்ச்மேனின் செருப்பை முகர்ந்தது, பிறகு என் செருப்பை முகர்ந்தது. இரண்டுக்கும் ஒரே மரியாதைதான்.

“ஐயோ, சாப்பாட்டுத் தட்டு ஆட்டோலயே போயிடுச்சு!” மெக்கானிக் நாயின் கயிற்றை என் கையில் திணித்துவிட்டுத் தெருவில் ஓடினார்.

வாட்ச்மேன் அவர் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “இது என் நாய் இல்லம்மா.”

நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

“என்னுது கறுப்பு. செத்து மூணு வருசமாச்சு. அந்தத் தம்பி வந்து, ‘உங்க நாய் உங்களுக்காகக் கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கு’ன்னு சொன்னாரு. நமக்காக ஒண்ணு காத்துட்டிருக்குன்னு ஒருத்தர் வந்து சொல்லும்போது, இல்லன்னு சொல்ல வாய் வரல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்க யாரு?”

“அந்தக் கதைய எழுதினது நான்தான்.”

“அப்ப அந்த வாட்ச்மேன் எங்க?”

“அப்படி ஒருத்தர் இல்ல. நானா எழுதினது.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனிய முடியாமல் குனிந்து, பொட்டலத்தின் முதுகில் இரண்டு விரலை வைத்தார். அது விலகவில்லை.

“இப்ப நான் இருக்கேனே,” என்றார்.

நான் காலியாக விட்டு வைத்த இடத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். எழும்பச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

9

முடிவுகளை எழுதிப் பார்த்துவிட்டேன். ‘இவருடைய நாய்தான்’ என்று நான் சொல்கிற முடிவில், நான்காவது மாடியில் ஒருத்தி இரண்டு நாற்காலிகளையும் டிவி பக்கம் திருப்பிப் போடுகிறாள். ‘இல்லை’ என்று சொல்கிற முடிவில், நரைமீசைக்காரர் கேட்டைச் சாத்திவிட்டு— (அதற்கு மேல் எழுத வரவில்லை.) இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளட்டும் என்று மூன்றாவதாக ஒன்று எழுதினேன். வாரத்தில் நாலு நாள் அங்கே, மூணு நாள் இங்கே. படித்துப் பார்த்தேன், விளம்பரம் எழுதிய அதே கைதான் தெரிந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். மெக்கானிக் தட்டோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நாயைப் பார்த்தார், வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் தரையைப் பார்த்தார்.

“வாலாட்டலையே மேடம்,” என்றார் மெக்கானிக். அவர் குரலில் இருந்தது ஆசையா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. “இது அவரோடதுதானா? நீங்க சொல்லுங்க. நீங்க எழுதினத படிச்சுட்டுத்தான் நான் இதைக் கூட்டிட்டுப் போனேன். இப்பவும் நீங்க சொன்னா நம்புவேன்.”

“அது வந்து—” என்றேன்.

முதல் தடவையாக அவர் “புரியுது” என்று சொல்லவில்லை. நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார்.

இருபது வருடமாக எழுதுகிறேன். இப்படி நம்பிப் படித்த ஒருவர் எனக்குக் கிடைத்ததில்லை. வெட்கமாக இருக்கிறது. எனக்கு அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை; முடித்தால் அழகாக முடித்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

கயிறு இன்னும் என் கையில் இருக்கிறது. இந்தாருங்கள், கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம், அது இழுக்காது. இரண்டு பேரும் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இனி நீங்களாச்சு, பொட்டலமாச்சு.