பத்தியில் இல்லாதது

ஆரணியை அடுத்த சேவூர் கமலக்கண்ணன் வங்கி அதிகாரித் தேர்வை எழுதி எழுதித் தோற்றவன். வயது வரம்பு முடிய இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி என்றிருந்தபோது, 2003இல், பட்டப்படிப்பு முடித்த பரிமளாவைக் கட்டிக்கொண்டான். பகலெல்லாம் அப்பாவோடு பட்டு நூல் வியாபாரம். சாயங்காலமானால் புத்தகம். புதுப் பெண்டாட்டிக்கு அவன் கொடுத்த வேலை, கேள்வியை வாசித்துக் காட்டிவிட்டுப் பின்பக்கத்தில் விடை சரிதானா என்று பார்ப்பது.

கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உதைத்தது ஒரு பகுதிதான். ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே சில முடிவுகளைச் சொல்லி, பத்தியை மட்டும் வைத்துப் பார்த்தால் இது நிச்சயம் உண்மையா, பொய்யா, இல்லை சொல்லத் தகவல் போதாதா என்று கேட்பார்கள்.

ஒரு நாள் பட்டைப் பற்றிய பத்தி வந்தது. சீனப் பட்டு நூல் நிறைய இறக்குமதியானது, உள்ளூர் நூலின் விலை இறங்கியது, அவ்வளவுதான் அதில் இருந்தது. பட்டுப்பூச்சி வளர்க்கும் விவசாயிகளின் வருமானம் குறைந்தது என்பது முடிவு.

"நிச்சயம் உண்மை" என்றான் கமலக்கண்ணன்.

"தகவல் போதாதுன்னு போட்டிருக்குதுங்க."

"புக்கு தப்பு. நூல் வியாபாரம் பண்றவன் நானு, எனக்குத் தெரியாதா? பூச்சி வளக்கறவன்லாம் அழுதுகினு இருக்கான்."

"அழுவுறது நெசந்தாங்க. ஆனா இதுல வெல எறங்குச்சுன்னுதானே இருக்குது? எவ்ளோ வித்தாங்கன்னு இல்லியே. சரக்கு ஜாஸ்தியா போயிருந்தா?"

அவன் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தான். பின்பக்கத்தில் விடை மட்டும்தான் இருந்தது, விளக்கம் ஒரு வரிகூட இல்லை. அவளாகவே யோசித்துச் சொன்னது. அங்கேதான் அவனுக்கு முதல் முள் தைத்தது.

அன்று முதல் புத்தகம் கைமாறியது. அவன் கேட்க, அவள் சொன்னாள். பெரும்பாலும் சரியாகச் சொன்னாள். "நீயும்தான் எழுதிப் பாரேன்" என்று அப்பா காதில் விழும்படி பெருந்தன்மையாகச் சொல்லிவைத்தான். அவள் எழுத வேண்டாமென்றால், தான் பயந்துவிட்டான் என்று தோன்றுமே! இருவரும் வேலூரில் போய் எழுதினார்கள். முடிவு வந்தபோது அவள் எண் இருந்தது. அவன் எண் இல்லை.

"உன் ஊட்டுக்காரம்மா பாஸாமே!" என்று கடைக்கு வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். மகன் என்ன படிக்கிறான் என்று ஒரு நாளும் விசாரிக்காத அப்பா, மருமகளுக்காக ஜாங்கிரி வாங்கி வந்தார். கமலக்கண்ணனுக்கு வயிறு எரிந்தது. நேர்முகத் தேர்வைப் பற்றி அவள் பேசினால் பீற்றுகிறாள் என்று பட்டது. பேசாமலிருந்தால் இவனிடம் என்ன பேச்சு என்று நினைக்கிறாளோ என்றிருந்தது. தட்டில் கூடுதலாக ஒரு வடை விழுந்தால் தோற்றவனுக்குப் போடும் பிச்சை. அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துப் பாடினாளா, சந்தேகமே இல்லை, அவன் தோற்றதில் அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிருக்கிறது.

நேர்முகத் தேர்வு சென்னையில், மத்தியானம். தானே அழைத்துப் போவதாக அவன்தான் முன்வந்தான். விடிந்ததும் அவளோடு ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவன், அவளுடைய சான்றிதழ் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான். ஒரு பஸ் போனது. தெரிந்த வியாபாரி ஒருவரைப் பிடித்துக்கொண்டு மைசூர் நூல் விலையை விசாரித்தான். இன்னொரு பஸ்ஸும் போனது. அடுத்து வந்த, செய்யாறு வழியே போகும் காஞ்சிபுரம் வண்டியைப் பார்த்து, "கூட்டமா கீது. அடுத்ததுல போலாம்" என்றான்.

பரிமளா அவன் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நகர்ந்த பஸ்ஸில் ஓடிப் போய் ஏறிவிட்டாள்.

இறங்கிவிடுவாள் என்று நின்றான். பஸ் திரும்பி மறைந்தது. கையில் அவளுடைய ஃபைல். வீட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. யாரும் அவனைக் குறை சொல்லவும் முடியாது, அவள்தானே விட்டுவிட்டு ஓடினாள்! அந்த நினைப்பு அவ்வளவு இனித்ததைக் கண்டு அவனுக்கே உடம்பு கூசியது. அடுத்து வந்த வண்டியில் தொற்றிக்கொண்டான்.

செய்யாறு பஸ் ஸ்டாண்டில் அவள் ஒரு பூக்கடையோரம் நின்றிருந்தாள். அவன் ஜன்னல் வழியே கத்திக் கூப்பிட, வந்து ஏறிக்கொண்டாள்.

"நான் வருவேன்னு தெரிஞ்சுதானே எறங்கி நின்ன?"

"இல்லீங்க. ஏறுனப்புறம்தான் ஃபைல் உங்க கையில இருக்குதுன்னு நெனப்பு வந்துச்சு. அது இல்லாம மெட்ராஸ் போயி இன்னா பண்றது? எறங்கிட்டேன். திரும்பி ஊருக்குப் போற பஸ்ஸைத்தான் பாத்துகினு இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று அவனால் சொல்ல முடியவில்லை. வண்டி காஞ்சிபுரத்தைத் தாண்டியது. பிறகு மாதக்கணக்காக மனசுக்குள் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்ததை வாய் திறந்து கேட்டான்.

"நான் ஃபெயிலானது உனக்குச் சந்தோஷமா?"

"ரிசல்ட் வந்த அன்னிக்கு ஒரு நாளு, கொஞ்சூண்டு, ஆமாங்க" என்றாள். "எதுலயாவது நான் முந்துவேன்னு யாரும் நெனச்சதில்ல. மறுநாள் உங்க மூஞ்சியப் பாத்தேன், அப்புறம் இல்ல."

சுருக்கென்றது. ஆனால் கற்பனையில் அவன் அவளுக்காக எழுதிவைத்திருந்த பதிலைவிட இது எவ்வளவோ சிறியது. அந்த ஒரு நாளை அவனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

வேலை கிடைத்தது. தருமபுரிப் பக்கம் ஒரு கிளை. அவன் நூல் வியாபாரத்தோடு ஊரிலேயே தங்கினான், சனிக்கிழமைதோறும் பஸ் ஏறினான். பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. முதல் முறை அவளுடைய வங்கிக்குள் நுழைந்தபோது, தலைப்பாகைப் பெரியவர் ஒருவர் கைகட்டி நின்று "மேடம், மேடம்" என்று கடன் கேட்டுக்கொண்டிருந்தார். கமலக்கண்ணனுக்குப் பழைய எரிச்சல் மீண்டும் கிளம்பியது. வெளியே போய் ஒரு எலுமிச்சை சோடா வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். பிறகு உள்ளே வந்து, பெரியவரின் வேலை முடியட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தான்.