பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே

யாழினி அந்தக் கதவை முழங்காலால் தள்ளி மூடியது அப்பாவைத் தூக்குவதற்கு முன்பா பின்பா என்று இளவேனிலால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. சங்குச் சத்தம் கூடத்தில் நிறைந்திருந்ததாக ஒரு நினைவு. சங்கு ஊதுகிறவர் அதற்கு முன்பே தெருவுக்கு இறங்கிவிட்டதாக இன்னொரு நினைவு. கதவை மூடியது மட்டும் நிச்சயம். அப்பாவின் கடல்நீர்த் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக் கதவு அது. சாவு வீட்டில், அந்த நேரத்தில், மருமகளுக்கு அங்கே என்ன வேலை?

வண்டி கொள்ளிடக் கரைக்குப் போய்விட்டது. தம்பி பாலுவும் மற்ற ஆண்களும் அதோடு போய்விட்டார்கள். வந்திருந்த பெண்கள் அவரவர் வீட்டில் தலை முழுகக் கிளம்பிய பிறகு, ஸ்ரீரங்கத்து இரண்டாம் மாடி வீட்டில் நாத்தனாரும் தம்பி மனைவியும்தான் மிச்சம். யாழினி அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். இளவேனில் துடைப்பத்தால் தள்ளினாள். தண்ணீரோடு ஒன்றிரண்டு வாய்க்கரிசியும் வாசல் பக்கம் போனது.

தொட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் முன்பு அவள் கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது உள்ளே பவளங்கள் எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தன. இப்போது நீல விளக்கின் கீழே ஒன்று பச்சை, ஒன்று ஊதா, ஓரத்தில் ஒன்று செம்பருத்திச் சிவப்பு. இன்றைக்கு இந்த வீட்டில் இவ்வளவு நிறம் இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்பா நல்லதம்பிக்கு இரண்டு வருடமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் வீட்டில் எல்லோரும் பயத்தோடு கடப்பார்கள். இரண்டு நாள் கழிவும் ரத்தத்திலேயே நிற்கும். இன்று திங்கள். விடியற்காலையில் நெஞ்சு நின்றுவிட்டது. டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டாராம். பாலு அதை ஃபோனில் அப்படியே சொன்னான்.

"வாழைப்பழம், இளநீர்னு ஏதாவது குடுத்தீங்களான்னு கேட்டார்க்கா. பொட்டாசியம் தாறுமாறா ஏறியிருக்காம். நான் இல்லவே இல்லேன்னுட்டேன்."

"யாழினி என்ன சொன்னா?"

"அவ ஒண்ணும் சொல்லல."

திருச்சி வரும் வரை பஸ்ஸில் இளவேனில் மனதில் அந்தக் கடைசி வாக்கியமே ஓடியது. வந்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனாள். தொட்டியம் ஊர் நண்பர் ஒருவர் சனிக்கிழமை பாலுவுக்குக் கொடுத்தனுப்பிய பூவன் வாழைத்தார் கொக்கியில் தொங்கியது. கீழ்ச் சீப்பில் மூன்று இடத்தில் பழம் இல்லை, காம்பு மட்டும்.

"நேத்து அப்பா என்ன சாப்பிட்டார்?" என்று இப்போது கேட்டாள்.

"காலைல ரெண்டு இட்லி. மத்தியானம் சோறு, ஊறவெச்சு வடிச்ச புடலங்காய்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் அண்ணி."

"நீ எங்க இருந்த?"

"கொஞ்சம் படுத்தேன். நாலு மணிக்கு எழுந்துட்டேன்."

"வாயக் கட்டி வெச்சிருக்கற மனுஷன் கண்ணெதிர்ல பழத்தாரத் தொங்க விட்டுட்டு, உனக்கு நல்லாத் தூக்கம் வந்துதா?"

யாழினி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். குழாயை அவள் முழுதாகத் திறந்தது கூடம் வரை கேட்டது.

அப்போதுதான் கலீம் வந்தான். அப்பாவுக்குப் பவளமும் உப்பும் கொண்டுவந்து கொடுக்கிற மீன்கடைக்காரன். செருப்பை வெளியே விட்டு வாசலிலேயே நின்றான்.

"இப்பதான்க்கா தெரிஞ்சுது. முகம் பார்க்கக்கூட முடியல." தொட்டியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "முப்பது வருஷம் கார்ப்பரேஷன்ல குடிதண்ணி டெஸ்ட் பண்ணின மனுஷன். தண்ணியில ஒரு புள்ளி அழுக்கு தாங்க மாட்டார். 'கலீம், உன் கடைத் தண்ணி சாக்கடைடா'ம்பார். சார், ரொம்ப சுத்தமும் ஆகாது, பவளம் வெளுத்துரும்னு நான் தலைகீழா நின்னு சொன்னேன். கேக்கல. ஸுவாலஜி ப்ரொஃபஸர், எம் பொண்ணு சொல்லட்டும்னார். நீங்க சொன்னப்புறம்தான் மாறினார்."

இளவேனில் தலையாட்டினாள். சொன்னது நினைவிருந்தது.

"சாயங்காலத் தீனி மட்டும் போட்டுருங்கக்கா. சாவு வீடுன்னு அதுங்களுக்குத் தெரியாதுல்ல" என்று சொல்லிவிட்டுக் கலீம் இறங்கிப் போனான்.

தீனி அலமாரியில் இருந்தது. அவள் குனிவதற்குள் யாழினி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"நான் போட்டுக்கறேன் அண்ணி. நீங்க உக்காருங்க."

"நகரு."

"அண்ணி, இன்னிக்கு வேணாம்."

"நகருன்னேன்ல."

உப்பு மூட்டை, டெஸ்ட் செய்யும் சின்னச் சின்ன பாட்டில்கள். மூட்டைக்குப் பின்னால் முடிச்சுப் போட்ட ஒரு பாலித்தீன் பை. உள்ளே மூன்று பழத்தோல்கள், கறுத்து, நூல் நூலாக. அதற்கும் பின்னால் அப்பாவின் நீள நோட்டு.

"இதைத்தான் ஒளிச்சியா?"

இளவேனில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள்.

தேதி, தண்ணீரில் இருக்கும் நைட்ரேட், பாஸ்பேட் கழிவு, பவளத்தின் நிறம். குண்டுகுண்டான கையெழுத்து. பக்கம் பக்கமாக ஒன்றேதான்: பாஸ்பேட் 0.00, நிறம் வெளுப்பு. பிறகு ஜூன் மாதத்தில் ஓரிடத்தில் நான்கு வரி, அடிக்கோடிட்டு:

'இளவேனில் ஃபோன். தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தம். பவளம் பட்டினி கிடக்கிறது. பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் உயிரும் நிறமும்.'

அடுத்து 0.02. 0.03. 'பச்சை திரும்பியது.' அதற்குப் பக்கத்தில் ஸ்கேலால் கோடு போட்டுப் புதிதாக ஒரு கட்டம். தலைப்பு: 'நான்'.

'நான்: கால் பழம். ஒன்றும் ஆகவில்லை.'

'நான்: அரைப் பழம். நாக்கில் ருசி தெரிகிறது. கண்ணாடியில் முகம் தேவலை.'

'ஊதாவும் வந்துவிட்டது. நான்: ஒன்று.'

நேற்றைய தேதி. '0.05. எல்லா நிறமும் நன்று. நான்: மூன்று.'

தொட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாழினி எதிரில் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"காலைல ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் பார்த்துட்டேன்" என்றாள். "நோட்டு மாமா சேர் மேலயே திறந்து கிடந்துது. கிழிச்சுப் போட்டுடலாம்னு நெனச்சேன். அவர் கையெழுத்து. மனசு வரல. உங்க தம்பி கண்ணுல பட வேணாம்னு உள்ள தள்ளினேன்."

"ஏன்?"

யாழினி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "உங்க பேரு இருக்கு அண்ணி."

தரை காய்ந்தது.

படியில் ஆண்களின் காலடிகள் கேட்டன. பாலு தலையில் ஈரத்தோடு வாசலில் நின்றான். யாழினி சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் அவன் கால்களில் ஊற்றினாள். அவன் அவளைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலாக அக்காவைப் பார்த்தான்.

"கேட்டியா? ஏதாவது சொன்னாளா?"

நோட்டு இளவேனிலின் பைக்குள் போயிருந்தது. அவள் கையில் தீனி பாட்டில்.

"தொட்டிக்குத் தீனி போடணும்டா."

"இப்பவா?"

"இப்பதான் நேரம்."

மூடியில் அளந்து ஊற்றினாள். பவளங்கள் மெதுவாக விரல்களை நீட்டின.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கலீம் தொட்டியை எடுத்துப் போனான். ஊதா மட்டும் பிழைக்கவில்லை. மற்றவை அவன் கடையில் இருக்கின்றன, விற்கவில்லை என்கிறான். பாலுவும் யாழினியும் எடமலைப்பட்டி புதூருக்கு வீடு மாறிவிட்டார்கள். ஏதாவது வாக்குவாதம் வந்தால் பாலு இன்னும் அவள் படுத்துத் தூங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கொண்டுபோய் முடிக்கிறான். யாழினி பதில் சொல்வதில்லை. இளவேனில் திதிக்கு வருகிறாள், மாலை பஸ்ஸுக்கே திரும்பிவிடுகிறாள். நோட்டு கோயம்புத்தூரில் அவள் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.