மதியம் இரண்டு மணி எண்ணெய்

லேப் அக்காவுக்குப் பள்ளிக்கூட வேலை போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. இருபத்திரண்டு வருடம் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி, அமிலம் அளந்து, பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தவள். பள்ளியை மூடியதும் வீட்டுக்கு வந்து சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டினாள். உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கணவர் நாள் முழுக்கச் சிரித்தார். அதற்கப்புறம் ஒட்டுவதற்கு டப்பா மிச்சமில்லை.

கணவரிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. வீடு மாறுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி இறக்குவது தொழில். டீசல் விலை ஏற ஏற, வண்டி ஓடினாலும் நஷ்டம், நின்றாலும் நஷ்டம் என்றாகிவிட்டது. வெளியூர்க் கம்பெனி ஒன்று பஸ் ஓட்டக் கூப்பிட்டுக் கடிதம் போட்டது. பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வரலாம். வேனை விற்றுவிடலாம் என்று அவர் வாயைத் திறந்த மறுநாளே, மூக்கில் வேர்த்தது போலப் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து டயரை உதைத்துப் பார்த்தார்.

வேன் மீது அவளுக்கு அப்படியொன்றும் பாசம் கிடையாது. சீட்டு குத்தும். இடதுபக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். ஆனால் வேன் போனால் அதன் பின்னாலேயே மனுஷனும் போய்விடுவார். இருபத்தெட்டு வருடமாகத் தினமும் சண்டை போட்ட ஆள் இல்லாத வீட்டில் யாரோடு சண்டை போடுவது? அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. டீசலுக்குப் பதிலாக வேனுக்கு ஊற்ற எண்ணெய் தேடிப் போனாள்.

மருத்துவமனை கேன்டீனில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டதும் கேனோடு தூக்கிக் கொடுத்தார்கள். கொல்லைத் தகரக் கொட்டகையில் அதை ஒரு வாரம் அசையாமல் வைத்துத் தெளியவிட்டாள். பழைய போர்வையை நாலாக மடித்து இரண்டு தடவை வடிகட்டினாள். எண்பது பங்கு எண்ணெய்க்கு இருபது பங்கு பெட்ரோல், மேலே ஒரு கரண்டி, பெயின்ட் இளக்கும் டர்பன்டைன். கலக்கும் நாளில் தீப்பெட்டி அந்தப் பக்கமே வரக் கூடாது. கணவர் சிகரெட் பிடிக்கத் தெருமுனைக்குப் போக வேண்டியிருந்தது.

கலவை தேறியதா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஸ்டாண்டில் புனலை மாட்டி, அரை லிட்டர் ஊற்றி, அது இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பாள். கடை டீசல் நாற்பது விநாடியில் இறங்கும். இவள் கலவை அறுபதுக்குள் இறங்கினால் பாஸ். அதற்கு மேல் போனால் பெயில், இன்னும் கொஞ்சம் பெட்ரோல். தினமும் சாப்பிட்டு முடித்துச் சரியாக இரண்டு மணிக்குப் பரிசோதனை. பள்ளியில் செய்முறை வகுப்பு எப்போதும் அந்த நேரத்தில்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான்.

கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ஒரு மாசம் பாக்கறேன். வழியில ஒரு தடவை நின்னாலும் வண்டி இரும்புக் கடைக்கு, நான் கம்பெனிக்கு. அப்புறம் நீ அழக் கூடாது.”

“நான் எதுக்கு அழறேன்? நீங்க அழாம இருந்தா சரி.”

வேன் ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஓடியது. புகை மட்டும் சமையலறை வாசனை அடித்தது. சிக்னலில் பக்கத்தில் நின்றவர்கள் பசியோடு திரும்பிப் பார்த்தார்கள். தெருநாய் ஒன்று இரண்டு தெரு வரை கூடவே ஓடிவந்து, ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து திரும்பியது. இருபத்தாறு நாள் இப்படிப் போயிற்று. லேப் அக்கா தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

இருபத்தேழாம் நாள் ஒரு தையல்காரர் வீடு மாறினார். திடீரென்று பனி இறங்கிய விடியற்காலை. நாலு தையல் மெஷினையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். முன்சீட்டில் கணவருக்கும் அவளுக்கும் நடுவில் தையல்காரர், மடியில் டீ பிளாஸ்க். பாலத்து ஏற்றத்தில் வேன் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை அப்படியே நின்றுவிட்டது.

கணவர் சாவியைத் திருகிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் இறங்கிப்போய் என்ஜினில் உள்ள எண்ணெய் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. உள்ளே எண்ணெய் உறைந்த நெய்யாக நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மதியம் இரண்டு மணிக்கு, அனலடிக்கும் தகரக் கொட்டகையில் எந்த எண்ணெய்தான் ஓடாது? வேன் புறப்படுவதோ விடியற்காலை. இருபத்திரண்டு வருடப் பள்ளிக்கூட மணி அவள் காலை வாரிவிட்டிருந்தது.

தையல்காரரின் வெட்டுத்துணி மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி வடிகட்டியைச் சுற்றிக் கட்டினாள். பிறகு பிளாஸ்க்குக்குக் கை நீட்டினாள்.

“அது சர்க்கரை போட்ட டீங்க,” என்றார் தையல்காரர் பாவமாக.

“வண்டி குடிக்கப்போறதில்ல. வெளியிலதான் ஊத்தறேன்.”

டீ முழுவதும் தீர்ந்தது. கால் மணி நேரத்தில் கிண்ணத்துக்குள் எண்ணெய் இளகி இறங்கியது. வேன் புகைவிட்டுக் கிளம்பியது. புது வீட்டில் தையல்காரர் மெஷின்களை இறக்கிவிட்டு, முதல் வேலையாக அடுப்பு எங்கே என்று தேடினார்.

அன்று சாயங்காலம் வரை கணவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள்தான் எடுத்தாள்.

“நின்னுடுச்சுங்க. பேச்சுன்னா பேச்சுதான். இரும்புக் கடைக்காரருக்கு நானே சொல்லியாச்சு. விடிகாலையிலேயே வராரு.”

அவர் ம் கொட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த ஒற்றை ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தபடியே அவள் படுத்தாள். பெட்டியில் அவருக்கு எத்தனை சட்டை வைப்பது, பதினைந்து நாளைக்குத் துவைப்பது யார் என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. அழுகை வந்தது. அழ மாட்டேன் என்று சொன்னது அவள்தானே, முழுங்கிக்கொண்டாள்.

விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. வெளியே இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை. கொல்லையில் பேச்சுக் குரல் கேட்டது. விலை பேசி முடிக்கிறார்கள் போல என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு போனாள்.

கொட்டகையில் இருந்த ஸ்டாண்ட் திறந்த வெளியில், பனியில் நின்றது. கணவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் குந்தியிருந்தார். பார்வை கைக்கடிகாரத்தில். எதிரே பழைய இரும்புக் கடைக்காரர், வேன் வாங்க வந்த மனுஷன், டார்ச் லைட்டைப் புனல் மேல் அடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார். புனலிலிருந்து எண்ணெய் சோம்பேறித்தனமாக இறங்கிக்கொண்டிருந்தது.

“எண்பத்தொண்ணு, எண்பத்திரெண்டு,” என்றார் கணவர்.

அவள் என்னங்க என்று ஆரம்பித்தாள். அவர் நிமிராமலே கையைக் காட்டினார்.

“பேசாத, எண்ணிக்கை தப்பிடும். இனிமே பரிசோதனை காலையில அஞ்சு மணிக்கு. இது பள்ளிக்கூடம் இல்ல.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் கீழே குனிந்தாள். மேடுபள்ளமான தரையில் ஆடாமல் இருக்க, ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் எதையோ நாலாக மடித்துச் செருகியிருந்தார். கம்பெனிக் கடிதம். இரண்டு சொட்டு எண்ணெய் விழுந்து, சேர வேண்டிய தேதி அழிந்திருந்தது.

“பெட்ரோல் இருபது பத்தாதுங்க,” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இருபத்தஞ்சு போடணும். எந்திரிங்க, உங்களுக்கு அளக்கத் தெரியாது.”