கிழக்கே பார்த்து நின்றவர்கள்

வெள்ளைக்காரப் பாதிரியாரை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து, மலாயாவில் திகாம் பத்து ஊர் மாதாகோயிலில் ஆராதனை நடத்துவது துணிக்கடை வேதமுத்துதான். கடையில் வாய் கூசாமல் பொய் சொல்பவர்; கோயிலுக்குள் சொன்னதில்லை.

அன்று விசுவாசப் பிரமாணம் சொல்ல, வழக்கம்போல் சபையே எழுந்து கிழக்கே திரும்பியது. வாசலில் பூட்ஸ் சத்தம். வாளோடு ஓர் அதிகாரி நின்றார். மொழிபெயர்க்க, மளிகைக்கடை ஜக்கரியா.

"அண்ணே, இவருக்கு மனசு குளிர்ந்து போச்சு," என்றான் ஜக்கரியா. "தோக்கியோ ராஜா இருக்கிற திசையைப் பாத்துக் கும்பிடணும்னு உத்தரவு இருக்குல்ல, அதைத்தான் செய்றீங்கன்னு நினைக்கிறாரு. ஆமான்னு தலையாட்டுங்க லா, தலை மிஞ்சும்."

தலையாட்டக் காசா பணமா? ஆனால் ஆட்டிவிட்டு, 'விசுவாசிக்கிறேன்' என்று எந்த வாயால் தொடர்வது? வேதமுத்து வாசலை நோக்கித் திரும்பினார்.

"இல்லை தம்பி. செத்து உயிர்த்த எங்க ஆண்டவர் திரும்பி வந்து எல்லாருக்கும் நியாயந்தீர்ப்பார். அவருக்காகத்தான் கிழக்கே நிக்கிறோம். அப்படியே சொல்லு."

முகம் வெளுத்த ஜக்கரியா ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னான். அதிகாரியின் கை வாள்பிடியைத் தொட்டது. பிறகு கிழக்கே குனிந்து வணங்கி, ஜக்கரியாவிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியேறினார்.

"என்னப்பா சொன்னே?"

"நீங்க சொன்னதுல பாதி. ஆண்டவருக்காகக் கிழக்கே நிக்கிறீங்கன்னு. மீதிக்கு எனக்குப் பாஷை பத்தலை லா." ஜக்கரியா வியர்வையைத் துடைத்தான். "அடுத்த ஞாயிறும் வராராம். என் அரைகுறை வேணாமாம். பினாங்கிலேர்ந்து தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வராராம்."

சபை இன்னும் கிழக்கே பார்த்தே நின்றது. வேதமுத்தும் கிழக்கே திரும்பி, பிரமாணத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.